கனகவல்லி கையெழுத்திட்ட பதினொரு தாள்கள்

கனகவல்லி ஒரு நல்ல பெட்டியை எறிந்ததை இலண்டனில் யாரும் கண்டதில்லை.

டாகன்ஹாமில் அவள் வேலை செய்யும் பழம் பொதியிடும் தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு ஐந்நூறு அறுநூறு அட்டைப்பெட்டிகள் வெறுமையாகும். எல்லாம் நசுக்கிக் கட்டும் இயந்திரத்துக்குப் போகவேண்டியவை. போகிற வழியில், இரட்டை அட்டை வைத்த, மூலை மடங்காத பெட்டிகளை மட்டும் அவள் தட்டையாக மடித்துச் சுவரோரம் சாய்த்து வைப்பாள். ஷிப்ட் முடிந்ததும் அவற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறி செவன் கிங்ஸில் இறங்குவாள். வருடத்துக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணத்திலிருக்கும் தங்கச்சி வீட்டுக்குக் கப்பலில் சாமான் போகும். குளிருடுப்பு, சொக்லேட், சவர்க்காரம், தலைவலி மருந்து என்று சகலமும் அந்தப் பெட்டிகளுக்குள்தான் போகும்.

"உம்மட பெட்டியளுக்கு வாடகை அறவிட்டிருந்தா வீட்டுக்கடன் எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்பார் கணவர் ஜீவரத்தினம். முப்பது வருடம் பஸ் ஓட்டி இளைப்பாறியவர்.

"உங்களுக்கு வாடகை அறவிட்டாலும் முடிஞ்சிருக்கும்" என்பாள் அவள்.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தொண்ணூறுகளின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்துக்குள் என்ன போகலாம், என்ன போகக்கூடாது என்று அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருந்தது. பற்றரி போகக்கூடாது. சீமெந்து, பெற்றோல் போகக்கூடாது. மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக வந்தது. கனகவல்லிக்கு அப்போது இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுக் கடையில் வேலை. கடைக்கு வந்த எதுவும் தன் சொந்தப் பெட்டியில் வந்ததாக அவளுக்கு நினைவில்லை. பால்மாப் பெட்டியில் நூற்பந்து வந்தது, பிஸ்கட் தகரத்தில் ஊசி மருந்து வந்தது, ஜாம் போத்தல் விளக்காக எரிந்தது. பெட்டியின் வெளியே எழுதியிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமில்லை என்பது அந்த ஐந்து வருடத்தில் அவள் படித்த பாடம். பிறகு தொண்ணூற்றேழில் இந்த நாட்டுக்கு வந்து, அகதி விண்ணப்பம், துப்புரவு வேலை, முதியோர் இல்லச் சமையலறை என்று அலைந்து, கடைசியில் பொதியிடும் தொழிற்சாலையில் நிலைகொண்டு பத்தொன்பது வருடமாகியும் அந்தப் பாடத்தை அவள் மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இப்போது அவள் லைன் லீடர். கீழே பதினெட்டுப் பெண்கள். தை மாதம் பிறந்தால் பெல்ட்டில் பேரீச்சம்பழத்தைத் தவிர வேறெதுவும் ஓடாது. ரமழானுக்கு முன் நாடு முழுக்கக் கடைகள் நிரம்பவேண்டும். பெரிய பெட்டிகளைப் பின்னால் ஆண்கள் வெட்டிக் கொட்டுவார்கள். பெருவிரல் மொத்தமான பழங்கள் பெல்ட்டில் வரும். வெடித்ததையும் காய்ந்ததையும் பெண்கள் கழிப்பார்கள். மிச்சம் தட்டுகளில் அடுக்கப்பட்டு, மூடப்பட்டு, லேபிள் ஒட்டப்படும். ஒவ்வொரு தொகுதி தொடங்கும்போதும் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வரும். பழம் எந்தப் பண்ணையிலிருந்து வந்தது, எந்த லேபிள் ஒட்டவேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். கனகவல்லி முதல் லேபிளை அதில் ஒட்டி, நேரம் எழுதி, கீழே கையெழுத்துப் போடுவாள். லேபிளும் தாளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பாள். பெட்டியைப் பார்க்கமாட்டாள். வெளியே எழுதியிருப்பதை வாசிப்பது வீண்வேலையல்லவா?

மூன்று வருடத்துக்கு முன் லைனுக்கு வந்தவள் ஹனான். முப்பத்துநாலு வயது. யோர்தான் பள்ளத்தாக்கில், ஜெரிக்கோவுக்குச் சற்று வடக்கேயுள்ள ஒரு கிராமத்துப் பெண். கலியாணம் கட்டி இலண்டனுக்கு வந்தவள். கனகவல்லிக்கும் அவளுக்குமான பாஷை உடைந்த ஆங்கிலம்தான். ஆனால் ஹனானின் ஆங்கிலத்தில் நாலு தமிழ்ச்சொல் சேர்ந்துவிட்டது: அக்கா, ஓம், ஏலாது, விசர். இந்த நாலையும் வைத்தே தொழிற்சாலையில் எதையும் சமாளிக்கலாம் என்பாள் பக்கத்தில் நிற்கும் சிவரூபினி. "முதலாவது உங்களுக்கு, நடு ரண்டும் மனேச்சருக்கு, கடைசிப் பைத்தியப் பட்டம் புருசனுக்கு."

பச்சை லேபிள் ஓடும் நாட்களில் ஹனானின் முகமே வேறு. அந்த லேபிளில் 'பாலஸ்தீன விளைச்சல்' என்று இருக்கும். வேலையாட்களுக்கான விலைக்கழிவில் போன ரமழானுக்கு அவள் நாற்பது தட்டு வாங்கினாள். பள்ளிவாசலில் தெரிந்தவர்களுக்கெல்லாம் விற்றாள். "வேறு பழம் வாங்காதீர்கள், இது எங்கள் ஆட்களின் கைக்குப் போகிற காசு" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள். அவள் சொன்னதைக் கேட்டுக் கனகவல்லியும் கோயிலில் பஞ்சாமிர்தம் செய்யும் பெண்களிடம் போய்ப் பேசினாள். மலிவு பார்க்கிற அந்தக் கூட்டத்தைப் பச்சை லேபிளுக்கு மாற்ற அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. முருகனுக்கு எந்தப் பழமும் ஒன்றுதான் என்றார்கள். முருகனுக்கு ஒன்றாயிருக்கலாம், விளைவித்தவனுக்கு ஒன்றில்லை என்றாள் இவள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஹனான் செவன் கிங்ஸ் வீட்டுக்கு வந்தாள். கனகவல்லியின் தங்கச்சி பேத்திக்கு அவள் பின்னிய இரண்டு கம்பளிச் சட்டைகள் கையில் இருந்தன. முன்னறை முழுக்கச் சாமான். ஜீவரத்தினம் தரையில் உட்கார்ந்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"வா பிள்ளை. உன்ரை அக்கா பெட்டிக்கு மாப்பிளை பாக்கிறா. குறுக்கை கதைக்காதை" என்றார்.

ஹனான் சிரித்துக்கொண்டே மண்டியிட்டு ஒரு பெட்டியை விரித்தாள். விரித்த கை நின்றது. அட்டையில் ஒரு பனைபோன்ற மரம், அதன் கீழே எபிரேய எழுத்து, ஒரு இலக்கம். அவள் அடுத்ததை எடுத்துப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள்.

"அக்கா, இவை எங்கேயிருந்து?"

"எங்கடை வேலையிலதான். மழையில நனைஞ்சாலும் விடாத பெட்டி."

"இதற்குள் என்ன வந்தது?"

"பேரீச்சம்பழம். வேறை என்ன வரும்?"

"எந்த லேபிளுக்குப் போன பழம்?"

"உங்கடைதான். பச்சை."

ஹனான் பெட்டியை நெஞ்சோடு பிடித்தபடி படிக்கட்டில் உட்கார்ந்தாள். அவளுக்கு எபிரேயம் வாசிக்கத் தெரியும். பதினெட்டு வயதில் இரண்டு பருவம் அப்படியொரு பண்ணையின் பொதியிடும் கொட்டகையில் நின்றவள்.

"இது எங்கள் ஊருக்கு மேலே இருக்கிற யூதக் குடியேற்றம். இந்த இலக்கம் அங்கேயுள்ள ஒரு தோட்டம். என் தம்பி மாஹிர் அதில்தான் மரம் ஏறுகிறான்."

ஜீவரத்தினம் டேப்பைக் கீழே வைத்தார். கனகவல்லிக்கு உடனே பதில் இருந்தது. அவள் வாழ்நாளெல்லாம் தெரிந்த பதில்.

"பெட்டி அவையின்ரையா இருக்கலாம். பழம் உங்கடையாத்தான் இருக்கும். கிடைச்ச பெட்டியில போட்டு அனுப்பியிருப்பினம்."

ஹனான் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. ஒரு பெரிய மனுஷி இப்படியும் பேசுவாளா என்ற திகைப்புத்தான் இருந்தது.

"அக்கா, அவர்கள் எங்களுக்குப் பெட்டி தரமாட்டார்கள். எங்கள் பெட்டி உங்களுக்குத் தெரியும். மெல்லிய அட்டை. நசிந்து வரும். நீங்கள் பேசுவீர்களே."

பேசியிருக்கிறாள். ஒழுங்காக ஒரு பெட்டி கட்டத் தெரியாத சனம் என்று ஹனான் காதுபடவே பேசியிருக்கிறாள்.

"எங்கள் லொறி எல்லைக் கடவைக்கு அப்பால் போக ஏலாது" என்றாள் ஹனான். "கடவையில் எல்லாவற்றையும் இறக்கி, சோதித்து, அந்தப் பக்கத்து லொறியில் திரும்ப ஏற்றவேண்டும். வெயிலில் ஒரு நாள் கிடக்கும், சிலவேளை மூன்று நாள் கிடக்கும். நசியாமல் என்ன செய்யும்?"

கனகவல்லி நினைத்துப் பார்த்தாள். நசிந்த பெட்டி கடைசியாக எப்போது வந்தது? போன வருடம் இரண்டு கிழமை மட்டும் வந்தது. இந்தத் தையில் ஒன்றுகூட வரவில்லை. பச்சை லேபிளோ தினமும் ஓடியது. தாள்களில் அவள் கையெழுத்து இருந்தது. இந்தப் பருவத்தில் மட்டும் பதினொரு தாள்.

"உன்ரை தம்பி ஏன் அங்கை வேலைக்குப் போறான்?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு மடத்தனமான கேள்வி என்று தெரிந்தது.

ஹனான் விரல்விட்டுச் சொன்னாள். அப்பாவுக்கு வாழைத்தோட்டம் இருந்தது. ஊரில் ஊற்று இருந்தது. குடியேற்றத்துக்கு ஆழமாகக் கிணறு தோண்டினார்கள். ஊற்று மெலிந்தது, வாழை செத்தது. ஊர்க்காரன் அத்தனை ஆழம் தோண்ட அனுமதியில்லை. அப்பா அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தே இறந்துபோனார். மூத்த அண்ணன் இஸ்ரேலுக்குள் கட்டட வேலைக்குப் போனான். அவனைப்போல ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள். நாட்டிலேயே நல்ல சம்பளம் அதுதான். அங்கே யுத்தம் தொடங்கிய கிழமையே அந்த வேலை அனுமதி நின்றது. இரண்டு வருடத்துக்கு மேலாக வீட்டில் இருக்கிறான். ஹனானின் சொந்த அக்காவின் புருஷன் பள்ளிக்கூட வாத்தி, அரசாங்கச் சம்பளம். ஒரு மாதம் பாதி வரும், ஒரு மாதம் வராது.

"அது ஏன்?" என்றார் ஜீவரத்தினம். "அரசாங்கத்திட்டைக் காசில்லையோ?"

"எங்களுக்குத் துறைமுகம் இல்லை, ஐயா. எங்கள் நாட்டுக்கு வருகிற சாமானுக்கான வரியை இஸ்ரேல்காரர்தான் வாங்குவார்கள். மாதாமாதம் எங்களுக்குத் தரவேண்டும் என்று ஒப்பந்தம். எங்கள் அரசாங்கத்துக்கு வருகிற வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதுதான். கோபம் வந்தால் தரமாட்டார்கள். இப்போது மாதக்கணக்காக ஒரு சதமும் தரவில்லை."

"உங்கடை வரியை அவன் வாங்கி அவனே வைச்சிருக்கிறான்?"

"ஓம்."

ஜீவரத்தினம் மூன்று தரம் தலையை ஆட்டினார். ஒரு பஸ் சாரதியின் மூளைக்கு அது ஏறவில்லை. தடை என்றால் அவருக்குத் தெரியும். சாமானை உள்ளே விடாமல் மறிப்பது. இதுவோ மறித்தவனே சாமானை விற்று, வரியையும் வாங்கி, தண்ணீரையும் எடுத்து, பிறகு அதே தண்ணீரில் வளர்ந்த மரத்தில் ஏறக் கூலிக்கும் கூப்பிடுவது. இதில் விதியென்றோ வறட்சியென்றோ சொல்ல எதுவுமில்லை. மனிதர் உட்கார்ந்து யோசித்து எழுதிய ஏற்பாடு.

"மிச்சம் மாஹிரின் கூலி, நான் அனுப்புகிறது" என்று முடித்தாள் ஹனான். பிறகு மிக மெதுவாக, "நாற்பது தட்டு விற்றேன், அக்கா. நோன்பு திறக்கிறவர்களுக்கு" என்றாள்.

திங்கட்கிழமை பத்தரை மணி இடைவேளையில் கனகவல்லி தேநீருக்குப் போகவில்லை. குளிர் அறைக்குள் போய் வரிசை வரிசையாகப் பார்த்தாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகப் பெட்டிகளின் வெளிப்புறத்தை ஒவ்வொன்றாக வாசித்தாள். எபிரேய எழுத்து அவளுக்குத் தெரியாது. இலக்கம் தெரியும். அதே மரம், அதே இலக்கம், கூரைவரை. கை விறைத்தபோதுதான் கையுறை போடாமல் வந்தது தெரிந்தது.

நேரே மனேச்சர் அறைக்குப் போனாள். மனேச்சர் சுபாஸ்கரன் இலண்டன் நோர்பரியில் இருக்கிற தமிழன். பத்தொன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்து, இதே பெல்ட்டில் பழம் பொறுக்கி மேலே போனவன். அவனுக்குப் பழம் பொறுக்கக் காட்டிக்கொடுத்ததே கனகவல்லிதான்.

"இருங்கோ அக்கா. தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

"வேண்டாம் தம்பி. பச்சை லேபிளுக்குள்ள போறது எங்கத்தையப் பழம்?"

அவன் எழுந்து கதவைச் சாத்தினான். அந்தச் சாத்தலே பதில்.

"அந்தப் பள்ளத்தாக்குப் பழம்தான். ஒரே மண். வேலிக்கு அங்காலை கொஞ்சம், இஞ்சாலை கொஞ்சம். சாப்பிடுறவனுக்கு என்ன வித்தியாசம்?"

"அப்ப உள்ளதை எழுதுமன்."

"உள்ளதை எழுதினால் ரமழானுக்கு ஆர் வாங்குவான்?" அவன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, கேளுங்கோ. பாலஸ்தீன ஆக்களின்ரை சரக்கு கார்த்திகையிலயிருந்து கடவையில நிக்குது. சுப்பர்மார்க்கெட்டுக்கு நாப்பது தொன் குடுக்கிறன் எண்டு கையெழுத்துப் போட்டாச்சு. இல்லையெண்டால் கொன்றாக்ட் போகும். பேந்து உந்தப் பதினெட்டுப் பொம்பிளையளையும் நான் எங்கை நிப்பாட்ட?"

"அவையின்ரை சரக்கை மறிச்சவன்ரை பழத்தை, அவையின்ரை பேரில விக்கிறீர்."

"எனக்கு அநியாயம் படிப்பிக்காதேங்கோ. நானும் லொறிக்குள்ள ஒளிச்சு வந்தவன்தான்."

"வந்தனீர். இல்லையெண்டு ஆர் சொன்னது? உம்மடை வீட்டை எரிச்சவன், அந்த வீட்டுக்காரன் நான்தான் எண்டு சொல்லி இஞ்சை விசா எடுத்திருந்தால் உமக்கு எப்பிடி இருந்திருக்கும்?"

சுபாஸ்கரன் மேசையிலிருந்த பேனாவை இரண்டு தரம் திருப்பினான். பிறகு முகத்தில் எதுவுமில்லாமல் சொன்னான்:

"புதன்கிழமை சுப்பர்மார்க்கெட் ஆள் பரிசோதனைக்கு வருது. தாளுகளை வழமைபோல நீங்கள்தான் காட்டவேணும். யோசிச்சுக் கதையுங்கோ அக்கா. எல்லாத் தாளிலயும் உங்கடை கையெழுத்துத்தான் கிடக்கு. என்ரை இல்லை."

கனகவல்லி கணக்குப் பார்த்தாள். அவளுக்கு ஐம்பத்தேழு வயது. ஓய்வூதியத்துக்கு இன்னும் பத்து வருடம். ஐம்பத்தேழு வயதுத் தமிழ்ப் பெண்ணை வேறெந்தத் தொழிற்சாலை எடுக்கும்? அதையும் மீறி ஒன்று நெஞ்சில் குத்தியது. அவன் சொன்னது பொய்யல்ல. பொய் இருந்தது தாளில். அதன் கீழே இருந்தது அவள் பெயர்.

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், புதன்கிழமை உண்மையைச் சொல்லப்போவதாக ஹனானிடம் சொன்னாள். ஹனான் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். ஹனான் கரண்டியை வைத்துவிட்டாள்.

"சொல்லாதீர்கள், அக்கா."

"என்ன?"

"அந்தத் தோட்டம் நாற்பது தொன்னை இழந்தால் முதலில் யாரை வீட்டுக்கு அனுப்பும்? மரத்துக்குச் சொந்தக்காரனையா, மரம் ஏறுகிறவனையா?"

"உன்ரை பேரைக் களவெடுத்து வித்திருக்கினம், பிள்ளை."

"ஓம். அந்தக் களவில்தான் என் அம்மா சாப்பிடுகிறா."

பக்கத்து மேசையில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். களவு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அவள் அப்போதுதான் முழுதாகக் கண்டாள். பறிகொடுத்தவள் பறித்தவனின் வியாபாரம் நல்லபடி நடக்கவேண்டுமே என்று பயந்துகொண்டிருக்கிறாள். இவ்வளவு நுட்பமாக ஒரு கொடுமையைச் செய்ய எத்தனை படித்தவர்கள் தேவைப்பட்டிருப்பார்கள்?

"உன்ரை தம்பியைக் கேள்" என்றாள். "அவன் வேண்டாமெண்டால் நான் வாய் திறக்கேல்லை."

ஹனான் தயங்கி வீடியோவில் அழைத்தாள். அங்கே இரண்டு மணி நேரம் கூட. வேலை முடிந்து மாஹிர் ஒரு வேனின் பின்னால் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயதுபோலத் தெரிந்தது. ஹனான் அவனுக்கு வயது இருபத்தொன்பது என்று சொல்லியிருந்தாள். முழங்கைவரை மரமுள் கீறிய தழும்புகள். ஹனான் அரபியில் விஷயத்தைச் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு லேபிளைக் காட்டச் சொன்னான். ஹனான் பச்சை லேபிள் ஒட்டிய ஒரு பழத்தட்டைத் திரையருகே பிடித்தாள். அவன் வெகுநேரம் பார்த்தான்.

அவன் சொன்னதை ஹனான் துண்டு துண்டாக மொழிபெயர்த்தாள்.

"காலையில் இயந்திர மேடையில் என்னை மர உச்சிக்கு ஏற்றிவிட்டு மேடையைக் கொண்டுபோய்விடுவார்கள். திரும்பக் கொண்டுவரும்வரை மேலேயே நிற்கவேண்டும். தண்ணீர் குடிப்பதும் மேலேதான், மூத்திரம் போவதும் மேலேதான். அது எனக்குத் தெரிந்து நடக்கிறது. ஓமென்றுதான் ஏறுகிறேன். எங்கள் பேரில் விற்பதை யாரும் என்னிடம் கேட்கவில்லை."

"வேலை போனால்?" என்று கனகவல்லி கேட்கச் சொன்னாள்.

"போனால் போகட்டும் என்று சொல்ல என்னால் ஏலாது. மூன்று பிள்ளைகள். ஆனால் அந்த அக்காவிடம் பொய் சொல்லும்படி நான் கேட்கமாட்டேன். நீயும் கேட்காதே."

தொடர்பு அறுந்தது. ஹனான் தட்டைப் பிடித்தபடியே இருந்தாள்.

புதன்கிழமை வந்த பரிசோதகர் ஒரு வெள்ளைக்கார இளம்பெண். கையில் டாப்லட். கனகவல்லி பதினொரு தாளையும் மேசையில் வரிசையாக வைத்தாள். வீட்டில் ஜீவரத்தினத்துக்கு முன்னால் நாலு தரம் சொல்லிப் பார்த்த ஆங்கில வாக்கியங்களைச் சொன்னாள்: "இந்தக் கையெழுத்து எல்லாம் என்னுடையது. இங்கே எழுதியிருப்பது உண்மையல்ல. வாருங்கள், பெட்டிகளைக் காட்டுகிறேன்."

அந்தப் பெண் முதலில் தான் சரியாகக் கேட்டோமா என்று சுபாஸ்கரனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அரை மணி நேரத்தில் பெல்ட் நின்றது.

"எங்களுக்கும் சேர்த்தோ அக்கா நோன்பு?" என்றாள் சிவரூபினி, கையுறையைக் கழற்றியபடி. அந்தக் கிழமை ஒருவருக்கும் ஷிப்ட் இருக்கவில்லை. அவள் சொன்னதில் பகிடி கொஞ்சம்தான் இருந்தது.

கனகவல்லியை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். ஒன்பது நாள் கழித்து விசாரணைக்கு அழைப்பு. தானும் கூட வருவதாக ஹனான் நின்றாள். "நீ லைனில நில். உன்னை நம்பி அங்கை எத்தினை வாய்" என்று கனகவல்லி மறித்துவிட்டாள்.

அறையில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெண்ணும் சுபாஸ்கரனும் இருந்தார்கள். அந்தப் பெண் கனிவாகத்தான் பேசினாள். விஷயம் வெளியே வந்தது நல்லது என்றாள். சுப்பர்மார்க்கெட்டும் நடவடிக்கை எடுத்துவிட்டது என்றாள்.

"என்ன நடவடிக்கை?" என்று கேட்டாள் கனகவல்லி.

பாலஸ்தீனப் பழத்தை இனி எடுப்பதில்லை என்று முடிவு. மூலத்தை உறுதிசெய்வது சிரமமாம்.

"அவர்களின் சரக்கு கடவையில் நின்றதே?"

போன கிழமை வந்து சேர்ந்தது. வாங்க ஆளில்லை.

கனகவல்லி விடாமல் கேட்டாள்: "மற்றப் பழம்? அந்தத் தோட்டத்துப் பழம்?"

"அந்த ஒப்பந்தம் தொடரும்" என்றாள் அந்தப் பெண். "சரியான லேபிளோடு, வேறு கடைகளுக்கு. அதில் சட்டப்படி எந்தப் பிரச்சினையும் இல்லை."

கனகவல்லிக்குத் தான் ஆங்கிலத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டோமோ என்று சந்தேகம் வந்தது. சுபாஸ்கரனைப் பார்த்தாள். அவன் மெல்லத் தலையசைத்தான். சரியாகத்தான் விளங்கியிருந்தாள். பெயரைத் திருடியவனுக்கு ஒப்பந்தம் தொடர்கிறது. பெயரைப் பறிகொடுத்தவனுக்குக் கடைத்தட்டில் இடமில்லை. மாஹிர் நாளைக்கும் மரம் ஏறுவான். அவன் ஊரில் விளைந்த பழம் எங்கோ ஒரு கிடங்கில் நசிந்த பெட்டிகளுக்குள் கிடக்கும். எல்லாம் சட்டப்படி, எல்லாம் சரியான லேபிளோடு.

அந்தப் பெண் ஒரு கடிதத்தை அவள் பக்கம் தள்ளினாள். தொகுதிகளின் மூலத்தைச் சரிபார்க்க லைன் லீடர் தவறியதால் ஏற்பட்ட பிழை என்று அதில் இருந்தது. கையெழுத்திட்டால் மூன்று மாதச் சம்பளமும் நல்ல சான்றிதழும் கிடைக்கும். இடாவிட்டால் விசாரணை தொடரும், பெரும்பாலும் வேலைநீக்கத்தில் முடியும்.

"போடுங்கோ அக்கா" என்றான் சுபாஸ்கரன் தமிழில். "மூண்டு மாதம் சும்மா தருவினமே? உங்கடை நன்மைக்குத்தான் நான் கதைச்சு எடுத்தனான்."

கனகவல்லி பேனா கேட்டாள். அவன் முகம் இளகியது. தன் பேனாவையே எடுத்துக் கொடுத்தான்.

அவள் கடிதத்தைத் திருப்பினாள். வெற்றுப் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். அவளுக்கு ஆங்கிலம் பேச வரும், இப்படியொன்றை எழுத வராது. எனவே தமிழில் எழுதினாள். கூட்டுறவுக் கடையில் எழுதிய அதே உருண்டைக் கையெழுத்தில், அவசரப்படாமல் பன்னிரண்டு வரிகள். கடைசியில் பெயரும் திகதியும் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்தப் பெண் தாளை இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்துவிட்டுச் சுபாஸ்கரனிடம் நீட்டினாள். "என்ன எழுதியிருக்கிறா? வாசித்துச் சொல்லுங்கள்."

சுபாஸ்கரன் தாளை வாங்கினான். கண் ஓடியது. நடுவில் நின்றது. அந்த அறையில் அதை வாசிக்கக்கூடியவர் இருவர்தான். இருவருக்கும் ஆங்கிலமும் விளங்கும்.

அவன் ஆங்கிலத்தில் தொடங்கினான். பதினொரு தாளிலும் இருப்பது தன் கையெழுத்து என்கிறா. பெட்டியைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது தன் குற்றம் என்கிறா. அந்தப் பழத்தைப் பாலஸ்தீனப் பழமென்று நோன்பாளிகளுக்கும் கோயிலுக்கும் விற்றது வெட்கம் என்கிறா. பிழை தவறுதலாக நடந்ததல்ல என்கிறா. இந்தக் கடிதத்தில் கையெழுத்திடமாட்டேன், கவுன்சிலில் வியாபார மோசடியை விசாரிக்கும் வணிகத் தரப் பகுதிக்குப் போகப்போகிறேன் என்கிறா.

"அவ்வளவுதான்" என்று சொல்லித் தாளைக் கீழே வைத்தான்.

அந்தப் பெண் குறித்துக்கொண்டாள். கனகவல்லி கைப்பையை மடியில் எடுத்து வைத்தாள். எழும்பவில்லை.

"நாலாம் வரியை விட்டிட்டீர், தம்பி" என்றாள்.

தாளில் பண்ணையின் பேரைப் பொய்யாக அச்சடித்துத் தந்தது யார், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னது என்ன என்பது நாலாம் வரி.

"என்ன சொல்கிறா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வாசியும். நான் இருக்கிறன்" என்றாள் கனகவல்லி அவனிடம்.

சுபாஸ்கரன் தாளைத் திரும்ப எடுத்தான். அவன் விரல் நாலாம் வரிக்குப் போனது.